இருபத்திரண்டு புள்ளி நாலு

பெங்களூர் பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் இருக்கும் அப்பாவின் ஷெட்டில் ஒரு மர மேஜை உண்டு. மூன்று இழுப்பறைகள். மேல் அறையில் பில் புத்தகம், டெலிவரி சலான், இனி யாருக்கும் தேவைப்படாத கார்பன் தாள். நடு அறையில் கார்பைடு டிப்புகள், ஆலன் கீ, துடைக்கிற பனியன் வேஸ்ட். அடி அறைக்கு மட்டும் பூட்டு. அதற்குள் அப்பாவே மிச்சத் தேக்கில் செய்த சின்னப் பெட்டி, உள்ளே பச்சை ஃபெல்ட் துணி. அதில் படுத்திருப்பது ஒரு மிட்டுடோயோ மைக்ரோமீட்டர், பூஜ்யத்திலிருந்து 25 மில்லிமீட்டர் வரை அளப்பது. அதன் காலடியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக் காசு, அதாவது ஒரு டாலர். இரண்டையும் அப்பா ஒரே ஆளிடமிருந்து, ஒரே நிமிஷத்தில் வாங்கினார். 1997 மே மாதம். நாங்கள் குடும்பமாக வெளிநாடு போன ஒரே பயணத்தின் கடைசி நாள். எனக்குப் பதினொரு வயது.

பீன்யாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மூக்குதான் வழிகாட்டி. கூலன்ட் எண்ணெய் காய்கிற புளித்த வாடை வந்தால் லேத் ஷெட். மூக்குத்தண்டு எரிந்தால் பிளேட்டிங் கடை. கரியும் மண்ணும் கலந்து வந்தால் ஃபவுண்டரி. 1970களில் தொழிற்பேட்டையாகத் தொடங்கிய இடம். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் ஷெட்டுக்கு ஷெட் ஒட்டிக்கொண்டு, ஒருவர் கடைந்ததை அடுத்தவர் துளைபோட்டு, அதற்கடுத்தவர் முலாம் பூசி, கடைசியில் ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்து வந்த அப்பா, பத்து வருஷம் பிறர் ஷெட்டில் டர்னராக நின்றுவிட்டு, இரண்டு லேத்தோடு தன் ஷெட்டைத் தொடங்கியவர். புஷ், பின், ஸ்பேசர் எல்லாம் ஜாப் ஒர்க்தான்.

லேத் வாங்கக் கடன் கிடைத்தது. நல்ல மைக்ரோமீட்டர் வாங்க மனசு வரவில்லை. இருந்தது ஒரு பழசு, திம்பிள் ஆடும். முக்கியமான வேலை என்றால் என்னை நாலாவது ஷெட்டுக்கு ஓடவிட்டு அவர்களுடையதை இரவல் வாங்கி வரச் சொல்வார். 1996 கடைசியில் ஒரு லாட், எண்ணூறு புஷ், மொத்தமாகத் திரும்பி வந்தது. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடுதலாம். கம்பெனிக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. அளந்த கருவி பொய் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணூறு புஷ்ஷும் ஸ்கிராப்புக்குப் போன அன்று அப்பா சாப்பிடாமல் படுத்தது நினைவிருக்கிறது.

அப்பாவுக்கு இரண்டு குரல்கள். ஷெட்டிலும் தெருவிலும் பேசுகிற கன்னடக் குரல் கணீரென்று இருக்கும். இரண்டு லேத் ஓடும்போதும் தெருமுனைவரை கேட்கும். தமிழ்க் குரல் வீட்டுக்குள் மட்டும், அதுவும் பாதி அளவில். பஸ்ஸில் நாங்கள் அப்பாவை ‘அப்பா’ என்று கூப்பிடலாம். கன்னடத்திலும் அதுதானே. அதற்கு மேல் ஒரு வாக்கியம் போனால் அம்மா தொடையில் கிள்ளுவாள்.

இதற்கு ஒரு தேதி இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததையொட்டி பெங்களூரில் கலவரம் மூண்டது. எனக்கு ஐந்து வயது. நடந்தவற்றில் எனக்கு நேரில் தெரிந்தது ஒரு காலண்டர் மட்டும்தான். அப்பாவின் ஷெட்டில் தமிழ் நாட்காட்டி ஒன்று தொங்கும், தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை. ராகுகாலம் பார்க்காமல் அப்பா புது ஜாப்பை சக்கில் கட்டமாட்டார். கலவரம் தொடங்கிய அன்று பக்கத்து பிளேட்டிங் கடைக்காரர், மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரர், தானாக வந்து காலண்டரைக் கழற்றித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். எங்களையும் தன் வீட்டு மாடியில் சில நாள் வைத்திருந்தார். எல்லாம் அடங்கி ஷெட் திறந்ததும் காலண்டரைத் திருப்பிக் கொடுத்தார். டிசம்பர் பன்னிரண்டிலிருந்து ஒரு தாளும் கிழிபடாமல் இருந்தது. அப்பா அதை ஷெட்டில் மாட்டவில்லை. வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வந்த காலண்டர்கள் எல்லாமே சமையலறையில்தான்.

சிங்கப்பூர் யோசனை அம்மாவுடையது. இரண்டு வருஷச் சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்தபோது அப்பா மூன்றாவது லேத் என்றார். அம்மா, “மெஷினைப் பார்த்தே பதினெட்டு வருஷம் ஆச்சு, கொஞ்சம் மனுஷங்களைப் பார்ப்போம்” என்றாள். மெஜஸ்டிக் பக்கத்தில் ஒரு டூர் கம்பெனியில், மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்த்து ஏழு நாள், சாப்பாடு, பஸ், கைடு எல்லாம் அடக்கம். ஒரு வெள்ளிக்கு நம் பணம் ஏறக்குறைய 25 ரூபாய். கூட்டத்தில் முப்பத்திரண்டு பேர். பெரும்பாலும் ராஜாஜிநகர், மல்லேஸ்வரம் குடும்பங்கள். நாங்கள் நான்கு பேரும் முதல் நாளே கன்னடக்காரர்களாகிவிட்டோம். யாரும் சொல்லிச் செய்ததல்ல, பழக்கம். ராஜாஜிநகர் ஆன்ட்டி ஒருவர் அம்மாவோடு சட்னிப்பொடி பகிர்ந்துகொண்டு, ஏழு நாளும் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து, மருமகள் கதை முழுவதையும் கன்னடத்தில் சொல்லி முடித்தார். அம்மா ‘ஹௌதா’, ‘அய்யோ பாப’ என்று இரண்டே சொல்லில் ஏழு நாளை ஓட்டினாள்.

முதல் ஆறு நாட்களில் சொல்ல அதிகம் இல்லை. பத்துமலையில் 272 படி ஏறினோம். இன்று எல்லோர் புகைப்படத்திலும் நிற்கிற 140 அடிப் பொன் முருகன் எங்கள் படத்தில் இல்லை. அவர் 2006 ஜனவரியில்தான் வந்தார். கெந்திங் மலையில் பனி. சிங்கப்பூரில் ஜூரோங் பறவைப் பூங்காவுக்குப் போகிற வழியில் மட்டும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள். சதுப்பு நிலத்தை நிரப்பி 1961-ல் தொடங்கிய பேட்டை, முதலில் யாரும் வராமல் காலியாகக் கிடந்து, அதைக் கொண்டுவந்த நிதியமைச்சர் கோ கெங் சுவீயை ஊரே கேலி செய்ததாம். கைடு சொல்லச் சொல்ல அப்பா கண்ணாடியில் நெற்றி ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். “ரோட்ல ஒரு சொட்டு ஆயில் இல்லையே. கழிவை எங்கதான் கொட்டறாங்க?” என்று அம்மாவின் காதில் கேட்டார். பூங்காவில் கிளிகள் சைக்கிள் ஓட்டின. அப்பா கவனிக்கவில்லை.

கடைசி நாள் விடிந்தது தராசோடு. ஆளுக்கு 20 கிலோ, நாலு பேருக்கு 80. அதற்கு மேல் போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று டூர் மேனேஜர் பயமுறுத்தியிருந்தார். அப்பா பீன்யாவிலிருந்தே கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், பித்தளைக் கழிவை நிறுக்கிற தராசு. ஓட்டல் அறையின் துணி அலமாரிக் கம்பியில் அதை மாட்டி ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கினார். கம்பி லேசாக வளைந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வந்த பட்டியலை வாசித்தாள். பெரியத்தைக்குக் கோடாலித் தைலம் ஆறு, சின்னத்தைக்கு நாலு, பிளேட்டிங் கடைக்காரர் வீட்டுக்கு மைலோ டின், தறிக்கார மாமாவுக்குப் புலித் தைலமும் டார்ச் லைட்டும், ஷெட்டுப் பையன்கள் மூன்று பேருக்கும் டீ சர்ட், அஜ்ஜிக்கு மடக்குக் குடை. இன்னும் வாங்காதவை பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தன. பெட்டிகளோ அப்போதே 71 கிலோ.

என் பெயருக்கு நேரே ‘வாட்ச்’ என்று எழுதியிருந்தது. கால்குலேட்டர் வைத்த கேசியோ. கடைசி நாள் பார்க்கலாம் என்று ஆறு நாளாகச் சொல்லிவந்தார்கள்.

“ஜாலஹள்ளியில குடியிருந்துக்கிட்டு எவனாவது ஜப்பான் வாட்ச் கட்டுவானாடா?” என்றார் அப்பா. எங்கள் வீட்டிலிருந்து எச்.எம்.டி. வாட்ச் ஃபாக்டரி நடக்கிற தூரம். அந்த ஃபாக்டரியே 1961-ல் ஜப்பான்காரர்களோடு, சிட்டிசன் கம்பெனியோடு, கூட்டுச் சேர்ந்து தொடங்கியதுதான் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

அறையைக் காலி செய்து, பெட்டிகளை பஸ்ஸின் வயிற்றில் ஏற்றி, பஸ் கிளம்பியபோது கைடு மாறியிருந்தார். ஆறு நாளும் வந்தவர் சீனப் பெண்மணி, ஆங்கிலத்தில் பேசுவார். இன்று ஏறியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். கறுத்த நிறம், நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னார். பிறகு, இத்தனை இந்திய முகங்களில் நாலு பேருக்காவது புரியும் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கேட்டார்:

“எல்லாரும் பசியாறிட்டீங்களா?”

பஸ்ஸில் அமைதி. அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் நான் அதற்குமுன் கேட்டதில்லை. காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை இப்படியும் கேட்கலாமா? நாமெல்லாம் டிஃபன் ஆச்சா என்று கேட்கிறவர்கள்.

“ஆச்சுங்க! நல்லா ஆச்சு!”

கடைசி வரிசைக்கு முன் வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். கணீரென்று, லேத் ஓடும்போது பேசுகிற அளவில். கன்னடக் குரலின் ஒலி, தமிழ்ச் சொல். அப்பாதான். முப்பது தலைகள் திரும்பின. அம்மா பழக்க தோஷத்தில் கிள்ளினாள். அப்பா தொடை என்று நினைத்து என் தொடையில்.

ராஜாஜிநகர் ஆன்ட்டி முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தார். “ஏன் சார், நீவு தமிளரா? ஏளு தின ஆயிது, ஹேளலே இல்வல்ரீ!” என்றார். ஏழு நாளாகச் சொல்லவே இல்லையே என்கிற குறை. அப்பா இல்லாத மீசையைத் தடவினார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆன்ட்டி அடுத்து சொன்னதுதான் வேடிக்கை. அவருடைய மாமியாரே ஹொசூர்க்காரராம், கோபம் வந்தால் தமிழில்தான் திட்டுவாராம். அந்தத் திட்டுகளுக்கு அர்த்தம் தெரியாமல் இருபது வருஷம் கழித்துவிட்டேன், முன்னாலேயே சொல்லியிருந்தால் உங்களிடம் கேட்டிருப்பேனே என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதன் பிறகு சிராங்கூன் ரோடு வரும்வரை இரண்டு பேரும் மாமியாரின் வசைகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். சிலவற்றை அம்மா மொழிபெயர்க்க மறுத்தாள்.

இறங்கிய இடத்திலிருந்து மூன்று மணி நேரம் சொந்த நேரம். வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம், தேக்கா மார்க்கெட், கொஞ்சம் தள்ளி சையத் ஆல்வி ரோட்டில் முஸ்தபா. சரியாக மூன்று மணிக்கு இதே இடம் என்றார் டூர் மேனேஜர். பூக்கடையில் கட்டிவைத்த மல்லிகை, வெற்றிலை, ஒலிநாடாக் கடையில் உச்சத்தில் பாட்டு. அப்பா நடக்கவில்லை, வாசித்தார். நகைக்கடைப் பலகை, மளிகைக்கடைப் பலகை, கட்டடம் கட்டுகிற இடத்தில் நாலு மொழியில் வைத்த அபாய அறிவிப்பு என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் சத்தம் போட்டு, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி. “என்னங்க, கத்தாதீங்க” என்றாள் அம்மா. “யாரு கேக்கப்போறா இங்க?” என்றார் அப்பா. உண்மையில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவும் அக்காவும் ஆன்ட்டியோடு முஸ்தபாவுக்குள் போனார்கள். நான் வாட்ச் பக்கம் போகக் கால் வைத்தேன். அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். “பத்து நிமிஷம்டா. கைடு ஒரு எடம் சொல்லியிருக்காரு.”

அந்த இடம் சுங்கை ரோடு. பத்து நிமிஷ நடை. கால்வாய் ஓரமாகச் சில தெருக்களில் தார்ப்பாயும் கோணியும் விரித்து, பழைய சாமான்களைக் கொட்டி விற்கிற சந்தை. 1930களிலிருந்து நடந்ததாம். திருட்டுச் சந்தை என்பது அதன் செல்லப் பெயர். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். அறுந்த ஃபோன், ஒற்றைச் செருப்பு, கப்பல் விளக்கு, மூக்குக் கண்ணாடிக் குவியல், ரேடியோ. அவ்வளவு துடைத்துவைத்த நாட்டில் இப்படி ஓர் அழுக்கு மூலையைப் பார்த்ததும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை பஜார் ஞாபகம் வந்து, அப்பா முதல் முறையாக ஊரை மெச்சினார்.

ஒரு கிழவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சீனர். பனியன், அரை டிராயர். அவர் விரிப்பில் முழுக்கக் கருவிகள், எந்தக் கப்பல் பட்டறையிலிருந்து வந்தவையோ. ஸ்பேனர், ஃபைல், துரு ஏறிய வெர்னியர். அவற்றுக்கு நடுவில் அது கிடந்தது. அப்பா குந்தி உட்கார்ந்தார். எடுக்கவில்லை. முதலில் தன் இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை நான் ஒரு சடங்கு மாதிரி நினைவு வைத்திருக்கிறேன். மைக்ரோமீட்டரை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு அளவு முகங்களும் எங்காவது சிதைந்திருக்கின்றனவா என்று பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து இரண்டு முகங்களுக்கும் நடுவில் வைத்து, லேசாகத் திருகி, மெதுவாக உருவினார். முகத்தைத் துடைக்கிற வழி அது. திம்பிளைத் திருப்பித் திருப்பி மூடினார். கடைசியில் ராட்செட்டை மூன்று முறை சுண்டினார். டிக், டிக், டிக். பூஜ்யக் கோடு பூஜ்யத்தில் நின்றது. அரைக் கோடு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அப்பா மூச்சு விட்டார்.

அப்படியும் நம்பிக்கை வரவில்லை. “தலையைக் காட்டுடா” என்றார். காட்டுவதற்குள் என் உச்சியிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிவிட்டார். அதை இரண்டு முகங்களுக்கும் நடுவில் வைத்து ராட்செட்டைச் சுண்டினார். “ஏழு” என்றார். நூறில் ஏழு பங்கு. தன் தலையிலிருந்து ஒன்று. “ஆறரை.” கிழவர் அதுவரை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் தலையைத் தடவிக் காட்டினார், வழுக்கை. பிறகு தாடையில் ஒரு மருவிலிருந்து நீளமாகத் தொங்கிய மூன்று நாலு முடிகளில் ஒன்றைத் தானே பிடுங்கி நீட்டினார். அப்பா அதையும் பயபக்தியோடு அளந்து, கருவியைத் திருப்பிக் கிழவருக்கே காட்டினார். கிழவர் குனிந்து படித்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. அவருக்கு அந்தக் கருவியைப் படிக்கத் தெரிந்திருந்தது, அது மட்டும் தெரிந்தது.

முதலில் விரலில் 25 காட்டியவர் பிறகு 15 காட்டினார். அப்பா பேரம் பேசவே இல்லை. பீன்யாவில் அப்பா பேரம் பேசாமல் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டு பத்து வெள்ளி நோட்டுக்கு ஐந்து காசுகள் திரும்பி வந்தன, மஞ்சள் நிறத்தில், உள்ளே எண்கோணக் கட்டம் போட்ட காசுகள். அப்பா ஒன்றைத் தரையில் சுண்டிப்போட்டுச் சத்தம் கேட்டார். “அலுமினியம் பிரான்ஸ். நாம புஷ் போடற மெட்டல்டா” என்றார். அப்புறம் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். காசின் விளிம்பைச் சுற்றி ஊர்ப் பெயர் நாலு எழுத்தில். ஒன்று நம் எழுத்து. சிங்கப்பூர். ப்-க்குப் புள்ளியோடு. ஆறு நாளாகப் பையில் சில்லறை கிலுங்கிக்கொண்டுதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. மறுபக்கம் ஐந்து இதழில் ஒரு பூ. பிறகு அம்மாதான் சொன்னாள், “இது நித்தியகல்யாணிங்க, நம்ம காம்பவுண்ட் ஓரமா மொளைக்குதே” என்று.

தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதும், காசில் பெயர் போட்டது யார் செய்த தயவும் அல்ல என்பதும் நான் பின்னால் படித்துக்கொண்டவை. அன்று அப்பா சொன்னது இவ்வளவுதான்: “டை வெட்டினவன் கைக்காரன். எழுத்து எவ்வளவு ஷார்ப்பா இருக்கு பாரு.”

மணி என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வாட்ச் இல்லை என்பதை அப்போது சுட்டிக்காட்டினேன். அப்பாவின் எச்.எம்.டி. இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நாளும் அவர் அதை மாற்றவில்லை, இரண்டரை மணி கூட்டி மனக்கணக்குப் போடுவார். போட்டார், தப்பாக. அவசரமே இல்லை என்று தேக்காவில் தேத்தண்ணி குடித்தோம். ‘தமிழ் முரசு’ ஒன்று வாங்கினார். 1935-லிருந்து வருகிற பத்திரிகை என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னதும், நடந்துகொண்டே விரித்துப் படித்தார். தெருவில் தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு அப்பா நடந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கையில் ஒரே ஒரு வெள்ளி மிஞ்சியது.

பஸ்ஸுக்குப் போனபோது மணி மூன்றே முக்கால். முப்பது பேரும் பஸ்ஸுக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டூர் மேனேஜர் பேசியதை எழுத வேண்டாம், எங்கள் மேல்தான் தப்பு. அம்மா எதுவும் பேசவில்லை, அது இன்னும் மோசம். மடியில் கோடாலித் தைலம் பதினெட்டு பாட்டில். கைடு மட்டும் அப்பாவிடம் மெதுவாக, “கிடைச்சுதா?” என்று கேட்டார். அப்பா சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். விமான நிலையத்தில் பெட்டிகள் 83 கிலோ காட்டின. அம்மா மைலோ டின்னை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கைடு விடைபெறும்போது அப்பா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கணீர்க் குரலில், “பீன்யா வந்தா நம்ம ஷெட்டுக்கு வரணும்” என்றார். பீன்யா எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். “ஜூரோங் மாதிரிதாங்க” என்றார் அப்பா. நான் குனிந்து ஷூ லேஸ் கட்டினேன்.

சென்னையில் இறங்கியபோது நள்ளிரவு. டூர் கம்பெனி பஸ் காத்திருந்தது. வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பயணம். ஆம்பூர்ப் பக்கம் எங்கோ டீக்கடையில் அப்பா தமிழில் பேசியது கேட்டு நான் பாதித் தூக்கத்தில் விழித்தேன். ஹொசூர் தாண்டியபோது வெளுக்கத் தொடங்கியது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. அப்பா எழுந்து முன்னால் போய், டிரைவரிடம் கொரகுண்டேபாளையாவில் நிறுத்தச் சொன்னார். கன்னடத்தில். திரும்பி வந்து உட்கார்ந்து, மடித்துவைத்திருந்த தமிழ் முரசைக் கைப்பைக்குள், துணிகளுக்கு அடியில் வைத்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார்.

கொரகுண்டேபாளையாவில் நாங்கள் பெட்டிகளோடு இறங்கி நின்றபோது, பஸ் ஜன்னலைத் தள்ளிவிட்டு ராஜாஜிநகர் ஆன்ட்டி தலையை நீட்டினார். தும்கூர் ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி, “ஏன்ரீ, பசியாறிட்டீங்களா?” என்று கத்தினார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அது. மற்றவை மாமியாருடையவை. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா கையை உயர்த்தி, “இன்னும் இல்லீங்க!” என்றார். பாதிக் குரலில்தான். ஆனாலும் தெருவில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பல்கூடத் துலக்காமல் ஷெட்டுக்குப் போனார். நானும் போனேன், வாட்ச் வராத கோபத்தோடு. மேஜை மேல் துணி விரித்து மைக்ரோமீட்டரை எடுத்து, நாலாவது ஷெட்டிலிருந்து இரவல் வாங்கி வரச் சொன்ன 25 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டை வைத்துச் சரிபார்த்தார். அது அசையவில்லை. பிறகு மிஞ்சிய அந்த வெள்ளிக் காசைக் குறுக்காக வைத்து ராட்செட்டைச் சுண்டினார். டிக், டிக், டிக். “இருபத்திரண்டு புள்ளி நாலு” என்றார். காசைத் திருப்பி வேறு இடத்தில் அளந்தார். அதே. இன்னொரு இடம். அதே. லேத்துக்குப் பின்சுவரில் சாக்பீஸால் 22.40 என்று எழுதிவைத்தார். அந்தக் கருவியை வைத்துத்தான் மறு மாதம் புது லாட் போனது, ஒன்றும் திரும்பவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில், ஜூலை 2-ம் தேதி, தாய்லாந்து நாணயம் சரிந்து அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாம் ஆடிப்போயின. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தால் டூர் மலிவாக முடிந்திருக்கும் என்று அப்பா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது தும்கூர் ரோட்டுக்கு மேலே மேம்பாலமும், 2014-லிருந்து மெட்ரோவும் போகின்றன. ஷெட்டில் சி.என்.சி. மெஷின்கள், டிஜிட்டல் கருவிகள். அப்பா காலையில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். சுவருக்கு வெள்ளையடித்து அந்த எண்ணும் போய்விட்டது. போன மாதம் அடி இழுப்பறையைத் திறந்து, பெட்டியை எடுத்து, காசை வைத்து நானே அளந்தேன். 22.38.

இரண்டு கோடு குறைகிறதே, காசு தேய்ந்ததா, கருவி தேய்ந்ததா என்று சாயந்திரம் அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “மொதல்ல ஸீரோ செக் பண்ணினியா?” என்றார்.

பண்ணவில்லை.